மச்சான் இல்லாத கயிறு

எய்யா தம்பி, புதுசா முங்கக் கத்துக்கிற பிள்ளைகளை நீ ஆழக்கடலுக்குக் கூட்டிட்டுப் போறதை நான் தடுக்கப் போறேன்னு நெனச்சுட்டியா? சேச்சே. தடுக்க நான் யாரு? கரிசக்காட்டுல கமலை இறைச்ச ஆளு. மகன் வீட்டுல ரெண்டு வேளை சோறு கெடைக்குதுன்னு நந்தனத்துல வந்து ஒண்டிக் கெடக்கேன். காலையில வைஎம்சிஏ மைதானத்தைச் சுத்தி ஒரு நடை. சாயங்காலம் டர்ன்புல்ஸ் ரோட்டு டீக்கடையில உக்காந்து போறவன் வாரவனுக்கெல்லாம் புத்தி சொல்லுவேன். அதுக்கு எவனும் பீஸ் தாரதில்ல. நீ அப்படியா? பீஸ் வாங்கிட்டுப் புத்தி சொல்லுத ஆளு. உனக்கு நான் சொல்லுததை ஓசிப் புத்தின்னு நெனச்சுக் கேட்டுக்கோ.

கூட்டிட்டுப் போ. தாராளமாக் கூட்டிட்டுப் போ. எப்படிக் கூட்டிட்டுப் போகணுங்கிறதுலதான் எனக்குப் பேச்சு.

நம்ம குடியிருப்புல லிஃப்டு பக்கத்துல நீ ஒட்டியிருக்கிற நோட்டீஸைக் கண்ணாடி போட்டே படிச்சேன். லட்சத்தீவுப் பயணம், நாலு நாள் ஸ்கூபா பயிற்சி, ‘முதல் டைவிலேயே அடி தெரியாக் கடல்’னு கொட்டை எழுத்து. படத்துல ஒரு பிள்ளை நீலத்துக்கு நடுவுல தொங்குது. மேலேயும் ஒண்ணும் இல்ல, கீழேயும் ஒண்ணும் இல்ல. அடி தெரியலைங்கிறதை ஒரு சிறப்புன்னு போட்டிருக்க பாரு, அங்கதான் நீ நிக்கிறே. எட்டயபுரம் சந்தையில மாடு விக்க வாரவன்கூட ‘இதுக்குப் பல்லே கெடையாது, வாங்கய்யா’ன்னு பெருமையாக் கூவி நான் கேட்டதில்ல.

என் பேத்தியும் அதுல பேரு கொடுத்திருக்கா. பணமும் கட்டிட்டா. அதனாலதான் உன் பாடப் புத்தகம் என் கைக்கு வந்துச்சு. ராத்திரி அவ வாசிச்சு வாசிச்சு அர்த்தம் சொல்லுவா, நான் கேப்பேன். அவ தூங்கிருவா. நான் முழிச்சுக்கிட்டுக் கெடப்பேன்.

புத்தகத்து அட்டையில பாடின்னு போட்டிருக்கு. எனக்குத் தெரிஞ்ச பாடி அண்ணா நகருக்கு அந்தாண்ட பாலத்தோட இருக்கு. இது வேற பாடியாம், 1966-ல அமெரிக்காவுல ஆரம்பிச்ச சங்கமாம், முங்குத படிப்புக்கு உலகம் பூரா அட்டை கொடுக்கிறவங்களாம். சரி. அவங்க சொல்லுத கணக்கு நல்ல கணக்கு. சும்மா ருசி பார்க்க வாரவனுக்கு 12 மீட்டர். முதல் படிப்பு முடிச்சு அட்டை வாங்கினவனுக்கு 18. அடுத்த படிப்பு படிச்சவனுக்கு 30. பொழுதுபோக்குக்கு முங்குதவன் எப்பேர்ப்பட்ட கொம்பனா இருந்தாலும் 40-ஓட சரி. மவுண்ட் ரோட்டு எல்ஐசி கட்டடம் 177 அடி, அதாவது 54 மீட்டர். அதைக் கடல்ல கவுத்து வச்சா அதோட மொட்டை மாடியைத் தொட்டுட்டு வர இந்த அட்டைக்காரன் எவனுக்கும் அனுமதி கெடையாது. லட்சத்தீவுல பவளத்திட்டோட வெளி விளிம்பு இருக்கே, அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனா ஆயிரம் மீட்டர் கணக்குல இறங்குது. எத்தனை எல்ஐசின்னு நீயே போட்டுப் பார்த்துக்கோ. நீ கம்ப்யூட்டர் படிச்சவன்.

நேத்து இதைக் கேட்டதுக்கு என்ன சொன்னே? ‘தாத்தா, நாங்க 12 மீட்டர்ல நிக்கப் போறோம். கீழே 20 இருந்தா என்ன, 2,000 இருந்தா என்ன?’

கணக்குல நீ புலிடே. 12 மீட்டர்ல அழுத்தம் ஒண்ணுதான், குடிக்கிற காத்தும் ஒண்ணுதான், கீழே எவ்வளவு கெடந்தாலும் அது மாறாது. அந்த வரைக்கும் நீ சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா அந்த 12 உன் நோட்டுலதான் இருக்கு. புதுசா வந்த பிள்ளைக்கு 12 மீட்டர்ல நிக்கத் தெரியணுமே? நிக்கத் தெரிஞ்சா அது ஏன் உன்கிட்ட வருது?

அடுத்து ஒண்ணு கேட்டே பாரு, அது கெட்டிக்காரக் கேள்வி. ‘நீங்க மட்டும் அறுபதடிக் கிணத்துலதானே நீச்சல் கத்துக்கிட்டீங்க?’ன்னே. ஆமா. எங்க ஊர்ல ஆறும் கெடையாது, குளத்துல பாதி வருசம் ஆடு மேயும். கிணறுதான் பள்ளிக்கூடம். முதுகுல காஞ்ச முருங்கைக் கட்டையோ சுரைக்குடுக்கையோ கட்டி, இடுப்புல கயிறு போட்டு, கயித்தோட மறுமுனையை மாமன் பிடிச்சுக்கிட்டு, படியிலிருந்து ஒரு தள்ளு. அடியில எவ்வளவு தண்ணின்னு எங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் தேவையில்ல. ஏன் தெரியுமா? நீந்துதவன் மிதக்கத்தான் பாக்குதான். நெஞ்சு நெறையக் காத்து, முதுகுல கட்டை, உடம்பு மேலே வரத்தான் பாக்கும். அடி ஆறடியானா என்ன, அறுபதடியானா என்ன, அந்தப் பக்கம் அவனுக்கு ஜோலியே இல்ல.

உன் தொழில் அதுக்கு நேர் எதிர். மிதக்கிற பிள்ளையைப் பிடிச்சு இடுப்புல ஈயக்கட்டியை மாட்டி, மிதக்கவும் கூடாது முங்கவும் கூடாதுன்னு நடுவுல நிறுத்தப் பாக்குதே. எந்தப் பக்கம் சாஞ்சாலும் அந்தப் பக்கமே போய்க்கிட்டே இருக்கிற நிலைமையில கொண்டுபோய் வைக்கிறே. அப்பத்தாண்டே அடிங்கிறதுக்கு ஒரு வேலை வருது. கிணத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டா அது என் பக்கம்தான் சாட்சி சொல்லும்.

எப்படி சாயுதுன்னு உன் புத்தகத்துலயே இருக்கு. தண்ணியில பத்து மீட்டர் இறங்கினா ஒரு மடங்கு அழுத்தம் கூடுது. மேலே இருந்ததுக்கு இரட்டிப்பு. போட்டிருக்கிற ரப்பர் சட்டைக்குள்ள பொடிப்பொடியாக் காத்து இருக்கில்லையா, அது நசுங்கிப் பாதியாப் போகுது. மேல்சட்டையில ஊதி வச்ச காத்தும் பாதி. சுருங்கினா மிதப்பு குறையும். மிதப்பு குறைஞ்சா இன்னும் இறங்கும். இறங்கினா இன்னும் சுருங்கும். புதுப்பிள்ளைக்குப் பயத்துல ரெண்டு ஈயக்கட்டி கூடவே மாட்டி விட்டுருப்பே, நீயும் வேற என்ன பண்ணுவே, இல்லேன்னா அது இறங்கவே மாட்டேங்குது. அந்தப் பிள்ளை கண்ணாடிக்குள்ள புகுந்த தண்ணியை வெளியேத்தப் போராடிக்கிட்டு இருக்கும்போது மிதப்பை யாரு பாக்கா? சட்டையில காத்து விடுத பொத்தானுக்குப் பதிலா காத்தை வெளியே விடுத பொத்தானை அமுக்கும். அமுக்கத்தான் செய்யும். நானா இருந்தாலும் அதைத்தான் அமுக்குவேன்.

இப்போ ரெண்டு இடத்தை நெனச்சுப் பாரு. ஒண்ணு, கீழே 14 மீட்டர்ல மணல். பிள்ளை தொம்முன்னு போய் மணல்ல முட்டிபோட்டு உக்காரும். கொஞ்சம் புழுதி கெளம்பும். பக்கத்துல ஒரு மீன் முறைச்சுப் பார்க்கும். நீ நிதானமாப் போய்த் தோளைத் தட்டி, கண்ணாடியைச் சரிபண்ணி, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் காட்டுவே, அதுவும் காட்டும். பாடம் தொடரும். அந்த மணல் என்ன பண்ணுச்சுன்னு கவனிச்சியா? உதவி வாத்தியார் வேலை பார்த்துச்சு. சம்பளம் இல்ல, படி இல்ல, லீவு கேக்காது. அப்படிப்பட்ட ஒருத்தரை வேலையை விட்டுத் தூக்கிட்டுத்தான் நீ ‘அடி தெரியாக் கடல்’னு நோட்டீஸ் அடிச்சிருக்கே.

இன்னொண்ணு, கீழே வெறும் நீலம். அங்கே பிள்ளைக்குத் தான் இறங்குறோமுன்னே தெரியாது. பக்கத்துல பாறை இல்ல, கயிறு இல்ல, கண்ணுக்குப் பிடிமானம் ஒண்ணும் இல்ல. எல்லாப் பக்கமும் ஒரே நிறம். மணிக்கட்டுல கட்டியிருக்கிற மீட்டரைப் பார்த்தாத்தான் தெரியும். அதைப் பார்க்கணுங்கிற நெனப்பு, பயந்தவனுக்கு வராத நெனப்பு. காது வலிக்குதேன்னு ஒரு அடையாளம் உண்டு. அதையும் ‘தாங்கிக்கணும்’னு தாங்கிக்கிட்டா முடிஞ்சது கதை.

இறங்குத பிள்ளையை விரட்டிக்கிட்டு நீ போறே. நல்ல வாத்தியார், போகாம இருப்பியா? மிச்சம் ஏழு பேர் மேலே தொங்குதாங்களே, அவங்களை யாரு பாக்கா? ஒரு வாத்தியாருக்கு எட்டு மாணாக்கர் வரைக்கும் கூட்டிட்டுப் போகலாம்னு உன் சங்கமே சொல்லுது, ருசி பார்க்க வாரவங்கன்னா நாலு. எட்டுங்கிறது அதிகபட்சம்டே, கல்யாணப் பந்தி இல்ல, இலையை நிரப்பியே ஆகணும்னு. அந்த ஏழுல ஒண்ணு பயந்து மூச்சைப் பிடிச்சுக்கிட்டு விர்ருன்னு மேலே போகும். பத்து மீட்டர்ல இழுத்த மூச்சு மேலே வரும்போது இரட்டிப்பாகுது. நுரையீரலுக்கு இரட்டிப்பாக இடம் ஏது? ஒன்றரை மீட்டர் தண்ணியிலிருந்து நெஞ்சு நெறைய மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தாக்கூட நுரையீரல் கிழியலாம்னு என் பேத்தி வாசிச்சா. அப்போ ஆழம் குறைஞ்ச தண்ணியும் சாதுவில்லன்னு ஒத்துக்கிடுதேன். நான் ஒருதலைப்பட்சமாப் பேசுத ஆளில்ல. ஆனா ஆழம் குறைஞ்ச இடத்துல ஒருத்தன் மேலே போனா, கீழே போனவன் மணல்ல காத்திருப்பான். நீ ஒருத்தனை விட்டுட்டு ஒருத்தனைப் பார்க்கலாம். அடி தெரியாக் கடல்ல ரெண்டுல ஒண்ணுதான்.

சரி, பிள்ளை இறங்குது, 30 மீட்டர் தாண்டுதுன்னு வையி. நாலு மடங்கு அழுத்தம். காத்துல இருக்கிற நைட்ரஜன் போதையேத்த ஆரம்பிக்குமாம். டாஸ்மாக்குல காசு கொடுத்து ஏத்துதது, இங்கே ஓசி. பயம் போயி ஒரு சிரிப்பு வருமாம். மீட்டரைப் பார்த்தாலும் எழுத்து புரியும், அர்த்தம் புரியாது. அதுக்கும் கீழே, 60 70 மீட்டர்னு போனா சாதாரணக் காத்துல இருக்கிற ஆக்சிஜனே விஷமாகி வலிப்பு வருமாம். வாழ வைக்கிற காத்தே அங்க ஆளைத் தீர்க்குது. முதுகுல இருக்கிற 12 லிட்டர் சிலிண்டர்ல 200 பார் அடைச்சா 2,400 லிட்டர் காத்து. நிதானமா மூச்சு விடுதவனுக்குப் பத்து மீட்டர்ல ஒரு மணி நேரம் வரும். நாப்பது மீட்டர்ல மூச்சுக்கு அஞ்சு மடங்கு செலவு, பாதி மணி நேரம்கூட வராது. பயந்தவன் மூச்சுக்கு நான் கணக்கு போடல. அதை நீயே போடு.

இதுலேருந்து அவசரமா மேலே வந்தா ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் சோடா பாட்டில் திறந்த மாதிரி குமிழி விடும், மூட்டு மடங்கிப் போகும். அதைத் தவிர்க்கக் கணக்கு எழுதினவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்னு ஒரு வெள்ளைக்காரர், 1908-ல. எதை வச்சுச் சோதிச்சார்னு கேளு. ஆட்டை வச்சு. இரும்பு அறைக்குள்ள ஆட்டை அடைச்சு அழுத்தத்தை ஏத்தி இறக்கிப் பார்த்திருக்கார். எந்த ஆடு முன்னங்காலைத் தூக்கி நொண்டுதுன்னு பார்த்துத்தான் இவ்வளவு ஆழத்துக்கு இத்தனை நிமிசம், மேலே வரும்போது இங்கிங்கே நின்னு வரணும்னு பட்டியல் போட்டார். இன்னைக்கு நீ மணிக்கட்டுல கட்டியிருக்கிற கம்ப்யூட்டருக்கு மூல முன்னோர் அந்த ஆடுகள்தான். எங்க ஊர்க் கெடாவுக்கெல்லாம் இப்படியொரு யோகம் வாய்க்கல, கருப்பசாமியோட முடிஞ்சு போச்சு.

அந்த ஹால்டேன் தன் மகனையும் சும்மா விடல. பதிமூணு வயசுப் பிள்ளையை ஸ்காட்லாந்துக் கடல்ல டைவர் சட்டை மாட்டி இறக்கியிருக்கார். பெரியவங்க சட்டை, சின்னப் பிள்ளை கை. மணிக்கட்டு வழியாத் தண்ணி புகுந்து ஏறிடுச்சு. பையன் பிழைச்சுக்கிட்டான். பெரிய விஞ்ஞானியானான். 1957-ல நம்ம நாட்டுக்கே வந்து, குடியுரிமை வாங்கி, 1964-ல புவனேசுவரத்துல கண்ணை மூடினான். ஜே.பி.எஸ். ஹால்டேன். அப்பன் அவ்வளவு பெரிய அறிவாளியா இருந்தும் சட்டை அளவு பார்க்க மறந்துட்டார் பாரு. கத்துக்கொடுக்கிறவனுக்கு ஆர்வம் கூடிப்போனா சின்ன விசயம்தான் முதல்ல கண்ணுக்கு மறையும்.

வெள்ளைக்காரன் கதை போதும். நம்ம ஆளுங்க கதைக்கு வா. தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல. எனக்கு அப்போ அரைடவுசர் வயசு. எங்க அய்யா வண்டியில கருப்பட்டி ஏத்திக்கிட்டுத் தூத்துக்குடிக்குப் போறவர். முத்துச் சிப்பி கெடக்கிற இடத்தை அங்கே ‘பாரு’ன்னு சொல்லுவாங்க. ஆழத்தைப் பாகத்துல அளப்பாங்க, ஒரு பாகம் ஆறடி, ரெண்டு கையை விரிச்ச நீளம். பெரும்பாலான பாரு பத்துப் பாகத்துக்கு முன்னே பின்னே இருக்கும். பத்துப் பாகம்னா 18 மீட்டர் சொச்சம். உன் முதல் படிப்பு அட்டைக்கு எவ்வளவு ஆழம்? அதே 18. சிலிண்டர் இல்ல, கண்ணாடி இல்ல, கால்ல துடுப்பு இல்ல. காலுக்குக் கீழே ஒரு கல், இடுப்புல ஒரு பை, ஒரு மூச்சு, அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையா முங்கினவங்க நிறுத்தின அதே இடத்துலதான் உங்க அமெரிக்கச் சங்கமும் புதுசா வந்தவனை நிறுத்துது.

இன்னொண்ணையும் கவனி. சிப்பி தரையிலதான் கெடக்கும். அதனால குளிக்கிறவன் போய் இறங்குத இடம் எப்பவும் தரை. அடியில்லாத இடத்துல எவனும் குளிக்கப் போனதில்ல. அங்கே சிப்பி இல்ல, வேற என்னத்துக்குப் போகணும்? நோட்டீஸ் ஒட்டவா?

மேலே தோணியில கயிறு பிடிக்கிறது யாருன்னு கேளு. மச்சான். பெண்டாட்டியோட கூடப் பிறந்தவன். அண்ணன் தம்பிகிட்டக்கூட அந்தக் கயித்தைக் கொடுக்க மாட்டாங்கன்னு சொல்லுவாங்க. அண்ணன் தம்பிக்குச் சொத்துல பங்கு இருக்கு, கயித்தைப் பிடிச்சிருக்கும்போது கொஞ்சம் யோசனை வந்தாலும் வந்துரும். மச்சான் அப்படியில்ல. அந்தக் கயிறு நழுவினா அறுந்து போறது அவன் அக்கா தாலி. கண்ணை இமைக்க மாட்டான். உன் புத்தகத்துல ‘பட்டி’ன்னு ஒண்ணு போட்டிருக்கு, ஜோடி ஜோடியா முங்கணும், ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கணும்னு. நல்ல ஏற்பாடு. ஆனா காலையில ஏழு மணிக்குப் படகுத்துறையில முதல் தடவையா மூஞ்சியைப் பார்த்தவனை ஜோடி சேர்த்து விடுதே. பேரே தெரியாது. அவனும் புதுசு, இவனும் புதுசு. நீச்சல் தெரியாத ரெண்டு பேர் ஒருத்தன் கழுத்தை ஒருத்தன் கட்டிக்கிட்டா என்ன ஆகும்னு கிணத்துல பார்த்தவன் நான்.

அந்தக் காலத்துல கடல்கட்டின்னு ஒரு ஆள் உண்டு. மந்திரம் போட்டுச் சுறா வாயைக் கட்டுதவன். அவன் வந்து கட்டினாத்தான் குளிக்கிறவங்க இறங்குவாங்க. வெள்ளைக்கார அரசாங்கமே அவனுக்குக் கூலி கொடுத்து வச்சிருந்துச்சு. சிரிக்காதே. உன்கிட்டயும் அப்படி ஒண்ணு இருக்கு. நாலு பக்கத்துக் காயிதம், ‘எனக்கு என்ன நேர்ந்தாலும் நானே பொறுப்பு’ன்னு ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து வாங்குதே. அவன் சுறா வாயைக் கட்டினான். நீ பெத்தவங்க வாயைக் கட்டுதே. அவன் மந்திரத்துலயாவது குளிக்கிறவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்துச்சு.

அதனால ஒரு சோதனை சொல்லுதேன். நீ கூட்டிட்டுப் போற எட்டுப் பேர்ல ஒருத்தன் உன் அக்கா புருசன்னு வச்சுக்கோ. உன் அக்கா கைக்குழந்தையோட கரையில நிக்கிறா. இப்போ சொல்லு, முதல் நாள் அவரை எந்த இடத்துல இறக்குவே? என்ன, பதிலைக் காணோம்? டீயைக் குடி, ஆறுது.

உலகத்துல யாருமே அப்படிக் கூட்டிட்டுப் போகலையான்னு கேப்பே. போறாங்க. எகிப்துல தகாபுன்னு ஒரு ஊர்ல கரையோரமாவே நீலக் குழி ஒண்ணு, நூறு மீட்டர் ஆழம். அம்பது மீட்டருக்கும் கீழே ஒரு வளைவு வாசல் இருக்காம், அது வழியா வெளிக்கடலுக்குப் போகலாம்னு ஆசைப்பட்டுப் போய்த் திரும்பாதவங்க பல பேரோட பேரு கரைப்பாறையில கல்வெட்டாப் பதிச்சிருக்கு. அதுல தேர்ந்த ஆளுங்களே நிறைய. அதே இடத்துல பாறையை ஒட்டி ஆறேழு மீட்டர்ல சாதாரணமா முங்கிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புத கூட்டமும் தினம் இருக்கு. ஆழம் ஒண்ணுதான். நின்ன இடம்தான் வேற.

நம்ம திருகோணமலையை எடுத்துக்கோ. அந்தக் குடாவுலேருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒண்ணு கெளம்பி ஆயிரக்கணக்கான மீட்டருக்கு இறங்குது. அதனாலதான் நீலத்திமிங்கிலம் கரைக்கு அவ்வளவு பக்கத்துல வருது. அதே ஊர் சுவாமி மலையடியில 1956-ல எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவர் கூட்டாளி மைக் வில்சனும் முங்கி, போர்ச்சுகீசியன் இடிச்ச கோணேசுவரர் கோயிலோட கல்லையும் தூணையும் பார்த்தாங்க. எங்கே பார்த்தாங்க? பாறையடியில, கண்ணுக்கு எட்டுத இடத்துல. பள்ளத்தாக்குல தேடியிருந்தா ரெண்டு பேருக்கும் சேர்த்து நாம தேடியிருக்கணும். மாலத்தீவு பூராவும் ஆழத்துக்கு நடுவுல நிக்கிற தீவுதான், அந்த அரசாங்கம் உல்லாச டைவுக்கு 30 மீட்டர்னு சட்டமே போட்டு வச்சிருக்கு. ஆழத்துலேயே குடியிருக்கிறவன் ஆழத்தைப் பார்த்துப் பயப்படுதான். நந்தனத்துல குடியிருக்கிறவன் நோட்டீஸ் அடிக்கிறான்.

கோவிச்சுக்காதே. நீ கெட்ட வாத்தியார் இல்ல. வைஎம்சிஏ நீச்சல் குளத்துல நீ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததை வேலிக்கு இந்தாண்ட நின்னு பார்த்தேன். கண்ணாடியைக் கழட்டி மாட்டச் சொல்லுதே, வாய்க்குழாயைத் துப்பிட்டுத் திரும்ப எடுக்கச் சொல்லுதே, ஒருத்தன் திணறினா மொத்த வகுப்பையும் நிறுத்துதே. 1920-ல பக் துரை ஆரம்பிச்ச உடற்பயிற்சிக் கல்லூரி வளாகத்துக்கு ஏத்த வாத்தியார்தான். குளத்துல இருக்கிற அந்தப் பொறுமை படகுல ஏறினதும் எங்கே போகுதுன்னுதான் கேக்குதேன். கையில காமிராவை எடுத்தா போயிருதோ?

நம்ம மெரினாவுக்கு நேரே கத்துக்கொடுன்னு சொல்ல மாட்டேன். ஆழம் மெதுவாத்தான் கூடுது, ஆனா கலங்கல், கையை நீட்டினா விரல் தெரியாத நாள் உண்டு. புதுச்சேரிப் பக்கம் போறவங்க போறாங்க. அங்கேயும் வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு இருக்கு, இடம் தெரிஞ்சு இறக்கணும். ராமேசுவரத்துக்கு வடக்கே பாக்கு விரிகுடா பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. காத்து அடங்கின நாள்ல புதுப்பிள்ளைக்கு அதைவிடச் சாதுவான தரை கெடைக்காது. நோட்டீஸுக்கு மட்டும் படம் நல்லா வராது.

லட்சத்தீவுதான்னு முடிவு பண்ணிட்டே, டிக்கெட்டும் போட்டாச்சு. நல்லதாப் போச்சு. அந்தத் தீவைச் செஞ்சவன் உன்னை மாதிரி வாத்தியாருக்குன்னே செஞ்சிருக்கான். பவளத்திட்டு வட்டமா நிக்கிது. வட்டத்துக்கு உள்பக்கம் வெள்ளை மணல், அலையில்லாத தெளிஞ்ச தண்ணி, சில மீட்டர் ஆழம். வெளிப்பக்கம் பாதாளம். பள்ளிக்கூடமும் பரீட்சை ஹாலும் ஒரே சுவருக்கு இந்தாண்டயும் அந்தாண்டயும். நீ பள்ளிக்கூடத்தைப் பூட்டிட்டு நேரா ஹாலுக்குக் கூட்டிட்டுப் போறேங்கிறே.

முதல்ல உள்பக்கம் இறக்கு. மணலுக்கு ஒரு முழம் மேலே, மணலைத் தொடாம, கையை ஆட்டாம, மூச்சை மட்டும் வச்சு ஒரு பிள்ளை அஞ்சு நிமிசம் அசையாம நிக்கட்டும். நின்னுச்சுன்னா அதுக்கு ஆழக்கடல் பாக்கத் தகுதி வந்துருச்சு. நிக்கலேன்னா அது எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் உள்ளேயே இருக்கட்டும், என் பேத்தியா இருந்தாலும் சரி. ஈயக்கட்டியை எண்ணி மாட்டு, பயத்துக்காக ஒண்ணு கூட மாட்டாதே. பிறகு விளிம்புக்குக் கூட்டிட்டுப் போ. அங்கேயும் பாறைச் சுவரை விட்டு நீலத்துக்குள்ள போகாதே, கண்ணுக்கு ஒரு பிடிமானம் வேணும். மிதவையிலிருந்து கனம் கட்டின கயிறு ஒண்ணைத் தொங்கவிடு. கயித்தோட நுனி நீ சொல்லுத 12 மீட்டர்ல ஒரு குறுக்குக் கட்டையோட நிக்கட்டும், இல்லாத தரைக்குப் பதிலா அதுதான் தரை. எட்டுப் பேர் வேண்டாம். ரெண்டு பேருக்கு ஒரு வாத்தியார். நீ நிக்க வேண்டிய இடம் பிள்ளைகளுக்கு மேலே இல்ல, ஒரு கை கீழே. விழுதவன் உன்னைத் தாண்டித்தான் விழணும். காமிராவை வேற எவன்கிட்டயாவது கொடு, இல்லேன்னா படகுலேயே வை.

இப்படிப் பண்ணினா உனக்கு லாபம் குறையும். தெரியும். இன்னும் ரெண்டு வாத்தியாருக்குச் சம்பளம், இன்னும் ஒரு நாள் தங்கல், படகு வாடகை. அதை எங்ககிட்ட வாங்கிக்கோ. தலைக்கு இவ்வளவு கூடுதல்னு சொல்லு, என் மகன் முணுமுணுத்துக்கிட்டே கொடுப்பான், நான் கொடுக்க வைக்கேன்.

சம்மதம்னா ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, எந்தப் பக்கம் எத்தனை நாள்னு பேத்தி முன்னால எழுதிக் கொடு. சம்மதமில்லேன்னா அவ கட்டின பணத்தை வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பி அனுப்பிரு. ஜிபே நம்பர் அவகிட்ட இருக்கு.